அவளால் படிக்க முடியாத எழுத்து

திண்டிவனத்தில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மூன்று வருஷமாக ஒரு தமிழ் எழுத்துருவை வரைந்துகொண்டிருந்தேன். பேனருக்கும் கடை போர்டுக்கும் போடுகிற தலைப்பு எழுத்து. வாலோ கொக்கியோ இல்லாமல், தடிமனாக, வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிற மாதிரி இருக்கும். வரைந்ததை முதலில் படித்துப் பார்ப்பவள் என் மனைவி. ஒலக்கூர் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர்.

"ண மூச்சு முட்டிக்கினு நிக்குதுங்க. சுழிக்குள்ள கொஞ்சம் எடம் வுடுங்க" என்பாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்த ண-வைத் திருத்திக்கொண்டிருந்த காலையில் பள்ளியிலிருந்து போன் செய்தாள்.

"ஏங்க, கண்ணாடி மாத்தணும் போலருக்குது. புக்குல ஒரு எழுத்தும் புரியல."

"தலை வலிக்குதா?"

"லேசா."

"சாயங்காலம் போலாம்" என்றேன். வேலையை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் கண்ணாடிக் கடையில் சோதித்தவர், கண்ணில் கோளாறு இல்லை, உடனே விழுப்புரம் போங்கள் என்றார். அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டர், மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, எழுத்தை அடையாளம் காணும் இடம் செத்துவிட்டது என்றார். பேச்சு, நடை, கை எல்லாம் அப்படியே இருந்தன.

"காலையிலயே கூட்டியாந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டில் என் எழுத்தைத் திரை நிறையப் பெரிதாக்கிக் காட்டினேன். "கறுப்பா என்னமோ சாஞ்சிக்கினு இருக்குது" என்றாள். சாய்வை எடுத்தேன். மெலிதாக்கினேன். வாரக்கணக்கில் அதையே செய்துகொண்டிருந்தேன். அவள் உள்ளங்கையில் விரலால் எழுதினால் மட்டும் சொல்லிவிடுவாள். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகும். இரண்டாவது வரியில் கையை இழுத்துக்கொள்வாள்.

எழுத்துரு வெளிவந்தது. செக்கப்புக்கு விழுப்புரம் போகிற வழியெல்லாம் கல்யாண பேனர்களில் அதைப் பார்த்தேன். ஒரு தடவை பஸ் ஜன்னலுக்கு வெளியே கை காட்டி, "அது நம்ம எழுத்துங்களா?" என்று கேட்டாள். அது இங்கிலீஷில் இருந்த சிமெண்ட் விளம்பரம். ஆமாம் என்றேன். சிரித்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம் நான் ஓர் எழுத்தும் வரையவில்லை.

கோடை விடுமுறை முடிவதற்குள் வேலையை விட்டுவிடுவதென்று அவளே முடிவெடுத்தாள். கடிதத்தை நான் டைப் பண்ணித் தருகிறேன் என்றேன்.

"வேணாங்க. நானே எழுதறேன்."

எழுதுவது கைக்கு மறந்திருக்கவில்லை. எழுதியதைத்தான் படிக்க முடியாது. கரும்பலகையில் பழகிய கை, முத்து முத்தாக ஒரு பக்கம் எழுதியது. ஒரு பிழை இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் தள்ளினாள்.

"என்ன எழுதியிருக்கேன்னு படிச்சிக் காட்டுங்க."

படித்தேன். பாதியில் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்புறம்?" என்றாள்.