சுவரில் தொங்கும் எட்டு இஞ்சு ரிம்

மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் என் டயர் கடைச் சுவரில் ஒரு ரிம் மாட்டியிருக்கிறேன். பதினைந்து இஞ்சு விட்டம், எட்டு இஞ்சு அகலம், வெள்ளி நிறம். உள்விளிம்பில் மட்டும் சுற்றிலும் ஒரு கீறல் ஓடும். கடைக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். பட வேண்டும் என்றுதான் அந்த இடத்தில் மாட்டினேன். சனிக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து பையன்கள் வருவார்கள். காரின் உடம்பைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி அகல வீல் வேண்டும் என்பார்கள். போட்டால் கார் ஒட்டிக்கொண்டு திரும்பும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் ரிம்மைக் காட்டி, “எங்க மேடம் கதைய முதல்ல கேளுங்க” என்று ஆரம்பிப்பேன். முடிக்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள், பாதிப் பேர் ஒழுங்கான அளவுக்கு இறங்கி வருவார்கள். வாசலில் இருக்கிற போர்டைவிட எனக்கு அதிகமாக உழைத்தது அந்தக் கதைதான்.

மேடம் என்று நான் சொல்வது, நான் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைமையாக இருந்தவரை. நான் பர்ச்சேஸில் இருந்தேன். அவருக்கு ஓசூரை ஒட்டிய ஒரு கிராமம், வீட்டில் தெலுங்கு. எங்களோடு தமிழ் பேசுவார், லாரி டிரைவர்களோடு கன்னடம், ஆடிட்டுக்கு வருகிறவர்களோடு ஆங்கிலம். எதிலும் தடுமாற மாட்டார். ஆனால் எண்ணும்போது மட்டும் தெலுங்கு வந்துவிடும். டிரேயில் இருக்கும் புஷ் வளையங்களை ஒரு விரலால் தள்ளித் தள்ளி, “ஒகட்டி, ரெண்டு, மூடு” என்று முணுமுணுப்பார். தெலுங்கில் மூன்றுக்கு ‘மூடு’ என்று பெயர். அந்த மூடு வந்ததும் எங்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொள்வான், மேடம் மூடச் சொல்லிவிட்டாராம். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். கேன்டீனில் அதை நடித்துக் காட்டுவது தினசரி வேலையாகவே இருந்தது. நான் ஊத்தங்கரையிலிருந்து வந்து சேர்ந்த புதிது. தெலுங்கில் எனக்குத் தெரிந்த ஒரே எண் அந்த மூடுதான், அதுவும் கேலி வழியாகத் தெரிந்தது. ஒருநாள் அவன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றபோது மேடம் திரும்பிப் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து ஒன், டூ, த்ரீ என்று எண்ண ஆரம்பித்தார். முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக எண்ணினார். சிரிக்க விஷயம் போய்விட்டதே என்று எங்களுக்கு வருத்தம்கூட இருந்தது.

நாற்பதைத் தாண்டிய பிறகு மேடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடக்கிக்கொள்ளலாம். தொழிற்சாலையில் அதற்கும் பேச்சு கிளம்பியது. இந்த வயதில் எதற்கு என்றார்கள், காய்கறி வாங்கினால் எங்கே வைப்பார் என்றார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. லாரிகள் நிறுத்துகிற பெரிய சிமென்ட் மைதானம் ஒன்றில் அவ்வப்போது கார் போட்டி நடக்கும். கூம்புகளை வைத்து, அவற்றுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டி நேரம் பார்ப்பார்கள். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கப் போவார்கள். அந்த ஆட்கள் முன்னால் ஒரு சுற்று, ஒரு கூம்பையும் இடிக்காமல் சுத்தமாக ஓட்டிக் காட்ட வேண்டும் என்று மேடத்துக்கு ஆசை. அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். ரிம் வியாபாரிகளை எனக்குத் தெரியும் என்பதால் சொன்னார் என்று அன்று நினைத்தேன்.

வீல் விஷயத்தில் அவருக்கென்று தீர்மானமான கருத்து இருந்தது. காரோடு வந்த ரிம்மை ஸ்டோர்ஸ் தராசில் ஏற்றி எடை பார்த்துவிட்டு, இதுதான் காரைப் பிடித்து இழுக்கிறது என்றார். “சேஃப்டி ஷூ போட்டுக்கிட்டு ஓடிப் பாருப்பா, அப்புறம் கேன்வாஸ் போட்டுக்கிட்டு ஓடிப் பாரு. அவ்ளோதான் விஷயம்” என்பார். பதினேழு இஞ்சு போடலாமே, பார்க்க எடுப்பாக இருக்குமே என்றேன். ரிம் பெரிதாகப் பெரிதாக டயரின் சுவர் குட்டையாகும், அப்புறம் ராயக்கோட்டை ரோட்டுக் குழிகளை உன் முதுகு எண்ணும் என்றார். அகலமும் அப்படித்தான், வண்டிக்குள் அடங்குகிற அளவுக்கு மேல் போனால் வளைவில் உரசும். பதினைந்திலேயே இருக்கலாம், எடை குறைந்த ரிம், 205 மில்லிமீட்டர் அகல டயர், அது போதும். இவ்வளவும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், தயிர்சாதத்துக்கு நடுவில் சொன்னவை. ரிம்மின் அகலத்தை மட்டும் அப்போது முடிவு செய்யவில்லை, அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

போட்டி வாரத்தில் அவர் வெளியூரில் ஒரு சப்ளையர் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதாயிற்று. காரை என்னிடம் விட்டுப் போனார். அங்கிருந்து போன் வந்தது. பின்னால் பிரஸ் மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. குரலில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். அந்த அளவுக்குச் சந்தோஷமாக அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாராம். அகலம் எட்டு, எட்டு போதும் என்று என் காதில் விழுந்தது. சரி மேடம் என்றேன். ரிம் வியாபாரி, எட்டுக்கு 205 டயர் ஒல்லி, 225 போடுங்கள் என்றான். சொல்லாமலே நல்ல டயராகப் போட்டு அசத்திவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. மாட்டி முடித்ததும் கார் தோளை விரித்துக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை நானே மைதானத்துக்கு ஓட்டிப் போனேன். நேர் ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை.

மேடம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மைதானத்துக்கே வந்தார். காரைச் சுற்றி வந்தார். குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. நிமிர்ந்து, “எட்டா?” என்று கேட்டார். எங்கள் ஆட்கள் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நான் பெருமையாக, “நீங்க கேட்ட எட்டுதான் மேடம்” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அன்று நான் அசந்துபோன பார்வை என்றே எடுத்துக்கொண்டேன். அதற்குள் மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் வளைவிலேயே டயர் மட்கார்டில் உரசி அலறியது. இரண்டாவது வளைவில் ரிம் உள்பக்கம் எதிலோ தேய்ந்து கரகரத்தது, ரப்பர் கருகும் நாற்றம் நாங்கள் நின்ற இடம்வரை வந்தது. மேடம் வேகத்தைக் குறைத்து, கையை வெளியே காட்டி, பள்ளிக்கூட வாசலைக் கடப்பதுபோல மெதுவாக வெளியே வந்துவிட்டார். அகலமாகப் போட்டால் தானாக வேகம் வந்துவிடும் என்று நினைத்துவிட்டார் போல என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. மேடம் கதவைச் சாத்திவிட்டு, “ஆமாப்பா, ஆசைப்பட்டுட்டேன்” என்றார். பிறகு அவர் போட்டிக்குப் போகவே இல்லை. பழைய வீலை மாட்டி காரை விற்றுவிட்டார். புது ரிம்கள் உனக்கு எதற்காவது உதவும், வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்தார். பின்னால் நான் வேலையை விட்டுக் கடை வைத்தபோது மூன்று எங்கெங்கோ போய்விட்டன, ஒன்று சுவருக்கு வந்தது. கூடவே கதையும் வந்தது.

ஒருமுறை மேடமே தன் சாதாரணக் காருக்குக் காற்றுப் பிடிக்க வந்திருந்தார். நான் கவனிக்காமல் இரண்டு பையன்களிடம் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அலறல், நாற்றம், கடைசியில் அந்த ‘ஆசைப்பட்டுட்டேன்’, எல்லாம் நடித்து முடித்த பிறகுதான், பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவர் சிரித்தார். பையன்களிடம், “நல்லா கேட்டுக்கங்க தம்பி. அந்த மேடம் நான்தான்” என்றார். எப்பேர்ப்பட்ட மனசு என்று அன்றிலிருந்து அதையும் கதையில் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

போன மாதம் ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தக்காளி வியாபாரி பிக்கப் வண்டியோடு வந்தார். வீல் நட்டுகள் சில காணவில்லை. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை வேண்டும் என்று கத்தினேன், அவரும் கத்தினார். எட்டு நட்டு எண்ணிக் கையில் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் திருப்பி வைத்து, “ஏடு போதும்னேங்க. ஏழு” என்றார்.

தெலுங்கில் ஏடு என்றால் ஏழு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இத்தனை வருடம் ஓசூரில் வியாபாரம் செய்துவிட்டு அதுகூடத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அந்த ஒரு நட்டைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏடு போதும். அகலத்துக்கு ஆசைப்படுகிற யாராவது ‘போதும்’ என்று சொல்வார்களா? அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் ஊருக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருநாளும் நான் அதைக் காதில் வாங்கியதில்லை. வெட்கம் என்று சொன்னால் போதாது. கூசிப் போனேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு குறுகுகிறது.

மேடம் இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். அன்று சாயங்காலமே போன் செய்தேன். நலம் விசாரிக்கக்கூட வாய் வரவில்லை. அன்னிக்கு ஏடுன்னுதானே சொன்னீங்க மேடம் என்றேன். இப்போதுதான் உனக்குத் தெலுங்கு வந்ததா என்று கேட்டுச் சிரித்தார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சுத்தி நம்ம ஆளுங்க நின்னாங்க. நான் ஏடுன்னேன், இவன் எட்டுன்னு கேட்டுட்டான்னு சொன்னா, அதையும் கேன்டீன்ல நடிச்சுக் காட்டுவீங்க. அதுக்கு, ஆசைப்பட்டு அகலமாப் போட்டுட்டேன்னு சொல்றது கொஞ்சம் மரியாதையா இருந்துச்சுப்பா.”

நடித்துக் காட்டுவார்கள் என்று சொல்லவில்லை. காட்டுவீங்க என்றார். கேன்டீனில் நான் எந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன் என்பதுவரை அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படிப்பட்ட என்னிடம்தான், சந்தோஷத்தில் தன்னை மறந்து, அவர் ஒரே ஒருமுறை மறுபடியும் தெலுங்கில் எண்ணிவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். அவர் பேச்சை மாற்றி, கடை எப்படிப் போகிறது என்றார். அந்த ரிம்மை இறக்கிவிடுகிறேன் மேடம் என்றேன். அது உன் கடை, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, பேத்தி கூப்பிடுகிறாள் என்று போனை வைத்தார்.

இறக்கவில்லை. நேற்று ஒரு பையன் வந்து, இவ்வளவு அகலம் தன் காருக்கு வேண்டும் என்று அதைக் காட்டிக் கேட்டான். வழக்கம்போல வாயெடுத்தேன். ‘எங்க மேடம்’ என்று ஆரம்பித்து, அதற்கு மேல் போக முடியவில்லை. பிறகு மெதுவாக, அவர் கேட்டது ஏழு, எட்டு என்று வாங்கியது நான் என்று முழுவதையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ரிம்மின் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்புறம் இத எதுக்கு சார் எல்லாருக்கும் தெரியற மாதிரி மாட்டி வச்சிருக்கீங்க?”

“எனக்குத் தெரியறதுக்குப்பா” என்றேன்.