தரை காயும் வரை

பன்றிப் பண்ணையில் வேலை பார்ப்பவர்களே, உங்களுக்கும் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகத்தானே வருகிறது?

எதற்கும் ஊசி

பத்தாவதில் பெயிலானதும் முக்கூடல் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு பண்ணையில் சேர்ந்தேன். குட்டி தும்மினால் ஊசி, கழிந்தால் ஊசி, ஒன்றுமில்லாவிட்டாலும் தீவனத்தில் மருந்து. முதலாளி அண்ணாச்சியின் வைத்தியம் அதுதான். போகப்போக எந்த ஊசிக்கும் கழிச்சல் நிற்கவில்லை. குட்டிகள் செத்தன.

பார்க்க வந்த டாக்டரம்மா மருந்தே எழுதவில்லை. ஈரத் தரையைக் காட்டித் திட்டினார். மொத்தமாக வளர்த்து மொத்தமாக விற்று, கொட்டிலைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் அடுத்த குட்டிகளை விட வேண்டும். வெளிப் பன்றியின் வாடையே ஆகாது என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் அம்மாவும் பன்றி வளர்க்கிறாள் என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்போ இதுகளை விக்கிற வரைக்கும் நீ வீட்டுக்குப் போகக் கூடாது தம்பி."

அக்கரை

எங்கள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். அம்மா துறையில் துணி அலசுவது பண்ணையிலிருந்தே தெரியும். முகம் தெரியாது, முதுகை வைத்துக் கண்டுபிடிப்பேன். துபாயில் இருப்பவன் ஏங்கினால் ஒரு மரியாதை இருக்கிறது. நீந்திப் போகிற தூரத்துக்கு ஏங்கினால் சிரிக்கிறார்கள். ஒருநாள் தாங்காமல் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றினேன். நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீருக்கு மேலே குரல் வந்தது.

"எவம்லே அவன், பொம்பளைங்க குளிக்குத எடத்தப் பாத்துச் சட்டையச் சுத்துதது?"

ஊசியா, நானா

மறுபடி கழிச்சல். அண்ணாச்சி ஊசிப் பெட்டியைத் தூக்கிவிட்டார். "எல்லாத்துக்கும் குத்தினா நான் எதுக்கு அம்மாவப் பாக்காம இங்கன கெடக்கேன்? இப்பவே வீட்டுக்குப் போறேன்" என்று கத்தினேன். டாக்டரம்மா சொன்னபடி ஈர வைக்கோலை அள்ளிக் கொட்டிக் காய்ந்ததைப் போட்டேன். குட்டிகளுக்குச் சூடு கிடைக்க பல்பு கட்டினேன், உப்பும் சர்க்கரையும் கரைத்து வைத்தேன். எழுந்திருக்காத ஒன்றுக்கு மட்டும் ஊசி. நாலு நாளில் மற்றதெல்லாம் தேறித் தாயின் மடிக்கு முட்டி மோதுவதை அண்ணாச்சி நின்று பார்த்தார்.

"ஏலே, நீ சம்பளத்துக்கு வந்தவனா, பன்னிக்குச் சொந்தக்காரனா?"

தூக்குச்சட்டி

அம்மாவே வந்துவிட்டாள். வீட்டுப் பன்றி ஒன்றை அறுத்து, எனக்குப் பிடித்த வறுவல். பண்ணைக்குள் பன்றிக்கறியும் ஆகாது. வாசலில் கால் நனைத்து வருவதற்கான சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, விஷயத்தைச் சொன்னேன். தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"வெந்த கறிக்குமாலே சீக்கு வரும்?"

கழுவல்

ஒருவழியாகக் குட்டிகள் லாரி ஏறின. கொட்டிலைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம், தரை காய்ந்ததும் திரும்பிவிட வேண்டும் என்றார் அண்ணாச்சி. அதாவது, தரை ஈரமாக இருக்கும்வரை எனக்கு அம்மா. மூலை முடுக்கெல்லாம் தேய்த்து முடித்த பிறகும் குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

"போதும்லே, அது காய வேண்டாமா?"

ஆற்றில் இறங்கும்போது வெயிலிடம் நான் கேட்டதெல்லாம், கொஞ்சம் பைய அடி என்பதுதான்.