சி பட்டியலில் அத்தான்

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர். இருபத்திரண்டு வருஷமாக அதே ஸ்டோர், அதே மர ஸ்டூல். எந்த அலமாரியில் எந்த ஊசி இருக்கிறது, எது அடுத்த மாதம் காலாவதி ஆகிறது என்று எழுந்து பார்க்காமலே சொல்வார். வீட்டில் மட்டும் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுவார்.

நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்திருந்தேன். ஸ்டோரில் மருந்து தீரும் முன்பே எச்சரிக்கிற சாஃப்ட்வேர். மாதக் கடைசிக்குள் ஒரு ஆஸ்பத்திரியாவது கையெழுத்துப் போடாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஆள் பழக்கம் வேண்டும் என்றார்கள். சரி என்று எனக்குத் தெரிந்த நானூறு பேரையும் எக்செல்லில் ஏற்றி, ஏ, பி, சி என்று தரம் பிரித்தேன். ஏ என்றால் வாராவாரம் நலம் விசாரிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, பிள்ளையின் பரீட்சை எப்படி என்று ஒரு கேள்வி. அந்த ஏ பட்டியல் டைரக்டர்கள், டாக்டர்கள் பின்னாலேயே எட்டு மாதம் நாயாய் அலைந்தேன். கை குலுக்கினார்கள், கார்டு வாங்கிக்கொண்டார்கள், அதோடு சரி.

மருந்து ஸ்டோருக்கு விற்க வந்தவன் கண்ணில் மருந்து ஸ்டோர்காரர் படவில்லை. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அக்கா சொல்லித்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. “ஏன்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் பர்ச்சேஸ் மேனேஜர்கிட்ட பேசறேன்” என்றார். பேசியும் விட்டார்.

மீட்டிங்கில் மேனேஜர், இரண்டு டாக்டர்கள், ஓரத்து நாற்காலியில் இஸ்திரி போட்ட சட்டையில் அத்தான். லேப்டாப்பைப் பெரிய திரையில் இணைத்தேன். அன்று காலை, இந்த ஆஸ்பத்திரியில் வேறு யாரைத் தெரியும் என்று என் பட்டியலில் தேடியிருந்தேன். அதை மூடாமல் வந்திருக்கிறேன். சிக்கிய ஒரே வரி திரையில் நின்றது.

“அத்தான். ஸ்டோர் கீப்பர். சி. பிரயோஜனமில்லை. வருஷத்துக்கு ஒரு போன் போதும்.”

மூடுவதற்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள். ஒரு டாக்டர் குனிந்து சிரித்தார். என் காது மடல் வரை சுட்டது.

அத்தான்தான் பேசினார். “சார், போன மாசம் இன்சுலின் தீர்ந்துபோய் ரெண்டு தடவை ஊரெல்லாம் ஓடினேனே, அது இனிமே நடக்காது. இது நமக்கு வேணும் சார்.”

மேனேஜர் அவரைப் பார்த்தார். “நீங்க சொன்னா சரிதான்” என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், “அத்தான், அது வந்து...” என்று இழுத்தேன்.

“வேலை கிடக்கு தம்பி, நீ பாத்துப் போ” என்று ஸ்டோர் பக்கம் நடந்துவிட்டார். பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கும் துப்பில்லை எனக்கு.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

“உங்க அத்தான் சொன்னார்டா. எங்க அத்தானாலதான் நான் இங்க நிக்கறேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னியாமே? வந்ததுலேருந்து நாலு தடவை சொல்லிட்டார் மனுஷன். நெஜமாவா சொன்னே?”

“ஆமாக்கா” என்றேன்.