மூக்குல பஞ்சு விட்ட கதை

எதிர்வீட்டு மருமகள் கோவிச்சிட்டுத் தாய்ட்டப் போன கதை கிடக்கட்டும் புள்ள, முதல்ல எண்ட மூக்குக் கதையக் கேளு.

முழங்கால் ஒப்பரேசனுக்கு நாள் தந்துட்டாங்க எண்டு எனக்குச் சந்தோசம் தாங்கேலாம இருந்திச்சே! கதிரையில குந்தித் தொழுது தொழுது அலுத்துப் போச்சு. நெத்தி நிலத்துல பட ஒரு சுஜூது செய்யணும். வேற ஆசை இல்ல.

ஆசுபத்திரியில தாதி மிஸ் வந்து, "வெட்ட முந்தி எல்லாருக்கும் கிருமி இரிக்கா எண்டு பார்க்கிறதுதான் உம்மா" எண்டு சொல்லி, மூக்குக்குள்ள பஞ்சுக்குச்சிய விட்டுச் சுத்தினா. பக்கத்துக் கட்டில் பாண்டிருப்புப் பொம்புளை, "நல்லா விடுங்க மிஸ், மூளை இரிக்கா எண்டும் பார்க்கலாம்" எண்டா. சிரிச்சு வயிறு நொந்து போச்சு. நான் விடல்ல. "மிஸ், அஞ்சு நேரத் தொழுகைக்கும் ஒழு எடுக்கக்குள்ள தண்ணி விட்டுச் சீந்துற மூக்கு இது. உங்கட ஆசுபத்திரிய விடச் சுத்தம்."

முடிவு வந்த அண்டு மிஸ்ட முகத்துல சிரிப்பில்ல.

"கிருமி இரிக்கி உம்மா. மூக்குல சும்மா கிடந்தாப் பரவாயில்ல, வெட்டின முழங்காலுக்குள்ள போனாத்தான் கெடுதி. இந்த மருந்தப் பூசுங்க, திரும்பப் பார்த்துத்தான் ஒப்பரேசன். வீட்டுல ஆருக்கும் ஆறாத புண் இரிக்கா?"

"ஓம், எங்கட வீட்டுக்காரருக்கு. சீனி வருத்தம், கால் பெருவிரல்ல."

"அவரையும் கெதியாக் கூட்டிட்டு வாங்க."

மனுசன் கேட்டாத்தானே! "உண்ட காலுக்கு மருந்து எடுக்கப் போய் எண்ட காலை வெட்டக் குடுக்கிறதா? போடி" எண்டு சாரத்த இழுத்து மூடிட்டார். அண்டையில இருந்து புண்ணக் காட்டுறாருமில்ல.

நாளைக்குத் திரும்பப் பஞ்சு விடுவாங்க. நேத்துப் பின்னேரம் அஸர் தொழுகைக்கு ஒழு எடுத்திட்டு, பைப்படிக் கொடியில கிடந்த துவாயால முகத்தத் துடைச்சன். ஒரு நாத்தம் புள்ள! மீன் நாத்தமும் இல்ல, ஊத்தை நாத்தமும் இல்ல. அப்பதான் எனக்கு விளங்கிச்சு. அவர் ஒழு எடுத்திட்டுப் புண்ணுக் காலத் துடைக்கிறதும் அந்தத் துவாய், நான் முகம் துடைக்கிறதும் அந்தத் துவாய். மருந்து பூசின மூக்கையும் அதுலதானே துடைச்சிட்டு வாறன்!

அத அவிக்கத்தான் இப்ப தண்ணி வச்சன். கொடியில துவாயக் காணல்ல. அறைய எட்டிப் பார்த்தா, மனுசன் அதக் கால்ல சுத்திட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கார். கூப்பிட்டா "ம்" எண்டுறார், எழும்புறாரில்ல. தொட்டுப் பார்த்தா மேல் நெருப்பாக் கொதிக்குது.

இரி புள்ள, தண்ணி பொங்கி ஊத்துது. அடுப்ப அணைச்சிட்டு அந்தத் துவாயப் பறிச்சிட்டு வாறன்.