மன்றாடியின் இடக்கை

என் இடப்பக்கத்து முலைக்காம்பு உள்ளே போய்விட்டதை முதலில் கண்டவள் என் மனைவி பொன்னம்மா. மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“இஞ்சருங்கோ, உங்கட இடப்பக்கத்துக் காம்பு எங்க?”

“எங்க போகப்போகுது? அங்கதான் கிடக்கும்.”

“இல்லை. வலப்பக்கம் கிடக்குது. இடப்பக்கம் குழி.”

குனிந்து பார்த்தேன். குழிதான். ஆண்பிள்ளைக்கு அது இருந்தால் என்ன, போனால் என்ன என்று சோற்றைப் பிசையத் தொடங்கினேன். அவள் விடவில்லை. கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து அமத்திப் பார்த்தாள். உள்ளே புளியங்கொட்டை போல ஒரு கட்டி. நோகவில்லை.

அந்தக் கட்டி எனக்குப் புதிதல்ல. நான் திருகோணமலைப் பக்கத்துச் சல்லி ஊர்க் கடற்கரையில் கரைவலை இழுத்து வளர்ந்தவன். வலைக்கயிற்றைத் தோளில் போட்டு நெஞ்சோடு அணைத்து இழுத்தால் உரசின இடம் தடித்துப்போகும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் எங்கேயாவது ஒரு தடிப்பு இருக்கும். யாருடையது பெரிது என்று பந்தயம் கூடப் பிடிப்போம். அதனால் அதைக் கயிற்றுத் தடிப்பு என்றே வைத்துக்கொண்டேன். கயிற்றை விட்டு, கரையில் நின்று தோணிக்குக் கைகாட்டும் மன்றாடியான பிறகும் அது வளர்ந்துகொண்டு இருந்தது. கயிறே பிடிக்காதவனுக்குக் கயிற்றுத் தடிப்பு எப்படி வளரும் என்று நான் யோசிக்கவில்லை. நீங்கள் யோசியுங்கள். நோகாத கட்டி என்றால் அதற்காகவே போய்க் காட்டுங்கள்.

நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். கெட்ட வார்த்தை வருகிற இடங்களில் பேனையைத் தூக்கிவிடுகிறாள். ஆகவே ஆங்காங்கே வசனம் கொஞ்சம் நொண்டும்.

திருகோணமலையில் காட்டியபோது ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் டொக்டர் கூப்பிட்டு இருத்தினார். மெலிந்த மனுசன். மூக்குக்கண்ணாடி அவருக்குப் பெரிது. கதைக்கும்போது அது வழுக்கி வழுக்கி இறங்கும். எனக்குக் கவனம் முழுக்க அதில்தான்.

“இது மார்பகப் புற்றுநோய்,” என்றார்.

“ஐயா, அது பொம்பிளையளின்ர வருத்தமெல்லோ? வேற ஆரின்ரையும் துண்டை மாறிப் பாத்திட்டியளோ?”

“ஆம்பிளையளுக்கும் நெஞ்சில அந்தச் சதை கொஞ்சம் இருக்குது. குறைவாத்தான் வரும். ஆனா வரும்.”

“எனக்கெண்டு பாத்து வந்திருக்குது.”

“ஓம். ஆனா நேரத்துக்கு வந்திட்டியள். மனிசிக்கு நன்றி சொல்லுங்கோ.”

வெளியே வந்து பொன்னம்மாவுக்கு நன்றி சொன்னேன். கலியாணம் முடித்த நாள்தொட்டு நான் அப்படிச் சொன்னதில்லை. அவள் பயந்துபோனாள். வருத்தம் முற்றிவிட்டதாக்கும் என்று அங்கேயே அழத் தொடங்கிவிட்டாள்.

ஊருக்கு என்ன சொல்வது என்பது அடுத்த கரைச்சல். பொன்னம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். ‘நெஞ்சில ஒப்பரேசன்’ என்று மட்டும் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் ஊர் அதை இருதயம் என்று எடுத்துக்கொண்டது. இருதய வருத்தக்காரனுக்கு அதிர்ச்சி ஆகாதாம். அதனால் ஒருவரும் எனக்குக் கெட்ட செய்தி சொல்வதை விட்டார்கள். வலை கிழிந்ததைச் சொல்லவில்லை. என் ஆடு காணாமல் போனதைக்கூடச் சொல்லவில்லை.

ஒப்பரேசன் கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. இடப்பக்கத்துச் சதையையும் அக்குளில் இருந்த நெறிகளையும் (நோயை வடித்துப் பிடிக்கும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஒரு போத்தல் தொங்குகிறது. காயத்தில் ஊறும் ஊனநீர் அதில் இறங்கும். அந்தப் போத்தலுக்குப் பயப்படாதீர்கள். எழும்பும்போது அதையும் தூக்கிக்கொண்டு எழும்புங்கள். நான் மறந்து எழும்பி, போட்ட சத்தத்தில் வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்தது. இன்னொன்று, முன்பக்கம் பொத்தான் வைத்த சேட் கொண்டு போங்கள். தலைவழியே போடுகிற பெனியன் கொண்டு போனவன் நான். கையைத் தூக்க ஏலாதவன் அதை எப்படிப் போடுவது? பாதி பெனியனோடு, முகம் மூடியபடி, தாதி வரும்வரை இருந்தேன்.

பிறகு கதிர்ச் சிகிச்சை (மிச்சம் ஏதும் இருந்தால் அதைக் கதிர் பாய்ச்சிக் கருக்குவது). எங்கே கதிர் விழவேண்டும் என்று நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டார்கள். என் நெஞ்சில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்று நான் தேங்காய்த் தும்பு எடுத்து நன்றாக உரஞ்சிக் குளித்துவிட்டு, பளிச்சென்று போய் நின்றேன். கோடு போட்ட தம்பி தலையில் கை வைத்தான். மறுபடி முதலிலிருந்து அளந்தான். நீங்கள் உரஞ்ச வேண்டாம். அந்த இடத்தில் சவர்க்காரம், எண்ணெய் ஒன்றும் போட வேண்டாம். தோல் வெயிலில் காய்ந்த கருவாடு மாதிரிக் கறுக்கும். பிறகு தெளியும். களைப்பு வரும். அது சோம்பலில்லை. வந்தால் படுங்கள்.

கதிருக்குக் காத்திருக்கும் வாங்குப் பலகை முழுக்கப் பெண்கள். நடுவில் நான் ஒருவன். முதல் நாள், மனைவியைக் கூட்டி வந்தவன் போல அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த றகுமா உம்மா இருந்தார். முக்காட்டைச் சரிசெய்தபடி கேட்டார்:

“அண்ணன், ஒங்கட பொஞ்சாதி உள்ளுக்கா?”

“இல்லை. அவ வெளியில நிக்கிறா.”

“அப்ப நீங்க ஆருக்காக இருக்கிற?”

“எனக்காகத்தான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒதுங்கி எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார். “அல்லாஹ் ஆம்பிளையளையும் விடல்ல போல,” என்றார். வாங்கு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். கட்டி என்று தெரிந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

காயம் ஆறினதும் கைக்கு அப்பியாசம் தந்தார்கள். சுவருக்குப் பக்கத்தில் நின்று, விரல்களால் நண்டு ஏறுவது போலக் கையை மேலே மேலே ஏற்ற வேண்டும். நெறி எடுத்த பக்கத்துத் தோள் அப்படிச் செய்யாவிட்டால் இறுகிவிடும். றகுமா உம்மா எட்டின இடத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைப்பார். அடுத்த நாள் அதைத் தாண்டுவார். பெண்கள் வரிசையாகச் சுவர் ஏற, நான் தூணுக்குப் பின்னால் நிற்பேன்.

“வாங்க அண்ணன். எங்களுக்கு இல்லாத வெக்கம் ஒங்களுக்கு எங்கால வந்த?”

“நான் பிறகு செய்யிறன் தங்கச்சி.”

“ஊட்ட போய் கை எழும்பாட்டி அப்ப தெரியும்.”

எனக்கு அந்தக் கை எவ்வளவு தேவை என்று அவருக்குத் தெரியாது. மன்றாடி என்றால் கரையில் நின்று கடலைப் பார்ப்பவன். மீன் கூட்டம் வந்தால் தண்ணீர் கறுக்கும். அது தோணியில் இருப்பவனுக்குத் தெரியாது. கரையில் உயரத்தில் நிற்பவனுக்குத்தான் தெரியும். அவன் கையால் சொல்வான். எங்கள் கரையில் இடக்கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினால், இன்னும் வெளியே போ. இடக்கையைத் தோள்மட்டத்தில் நீட்டினால், வலையைப் போடு. வலக்கை, திரும்பி வா. அவ்வளவுதான் பாஷை. கை எழும்பாவிட்டால் நான் மன்றாடியில்லை. கயிறு இழுக்கவும் ஏலாது. அந்தப் பக்கத்துக் கையால் பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிறகு கடற்கரையில் எனக்கு என்ன வேலை?

இவ்வளவும் தெரிந்தும் வீட்டுக்கு வந்த பிறகு நான் சுவர் ஏறவில்லை. வயதான மனுசன் சுவரைத் தடவிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கை தானாக வரும் என்று இருந்தேன். சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

தோணியில் சுக்கான் பிடிக்கிறவன் சீனித்தம்பி, பொன்னம்மாவின் தம்பி. அன்று நல்ல பாரை மீன் கூட்டம். வெளியே கடல் கறுத்துக் கிடந்தது. தோணி அதற்குப் பாதித் தூரம்கூடப் போகவில்லை. ‘இன்னும் வெளியே போ’ என்று இடக்கையைத் தூக்கினேன். கை தோள்மட்டம் வரை வந்தது. அங்கே நின்றுவிட்டது. பல்லைக் கடித்தேன். அசையவில்லை. கொழுக்கி மாட்டினது போல நின்றது.

சீனித்தம்பி பார்த்தான். மன்றாடி கையை நீட்டுகிறான். வலையைப் போட்டுவிட்டான்.

நான் “டேய், டேய்” என்று கத்தினேன். காற்று என் பக்கம் வீசியது. வலையை வளைத்துக் கரைக்கு இழுத்தார்கள். வலையின் மடியைத் திறந்தால் சொறிமுட்டைக் (ஜெல்லி மீன்) குவியல். நடுவில் வெள்ளைக்காரக் கப்பல்காரன் விட்டுப்போன ஒற்றைச் சப்பாத்து ஒன்று. பாரைக் கூட்டம் வெளியே துள்ளி விளையாடிக்கொண்டு போனது.

சீனித்தம்பி சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அத்தான், இதுக்கோ வலை போடச் சொன்னனீங்கள்? மற்றதையும் பிடிச்சாத்தானே சோடி சேரும்?”

“நான் போகச் சொல்லித்தான் கை தூக்கினனான்.”

“தூக்கேல்லை. நீட்டினனீங்கள்.”

“அதுக்கு மேல எழும்புதில்லை.”

“நெஞ்சு வருத்தம் எண்டுதானே அக்கா சொன்னவ? நெஞ்சுக்கும் கைக்கும் என்ன கதை?”

சுற்றி எல்லோரும் நின்றார்கள். இனி ஒளிக்க ஏலாது. சேட்டைத் திறந்து காட்டினேன்.

“நெஞ்சுதான். ஆனா உள்நெஞ்சில்லை. வெளிநெஞ்சு. பொம்பிளையளுக்கு வாற அதே வருத்தம்தான்.”

சீனித்தம்பி கிட்ட வந்து வெட்டின தழும்பை நெடுநேரம் பார்த்தான். கண் கலங்கினவன் உடனே சமாளித்துக்கொண்டான்.

“இதுக்கோ சேட் போட்டுக்கொண்டு திரிஞ்சனீங்கள்? நாங்கள் உங்களுக்கு அரசாங்கக் கச்சேரியில உத்தியோகம் கிடைச்சிட்டுது எண்டெல்லோ நினைச்சம்!”

பிறகு அவர்கள் மணலில் குந்தியிருந்து யோசித்தார்கள். வேறு மன்றாடி வைப்போமா என்று ஒருவன் கேட்டான்.

“அத்தான்ர கண்ணுக்கு என்ன வந்தது? கைதானே எழும்பேல்லை. கையின்ர பாஷையை மாத்துவம்,” என்றான் சீனித்தம்பி.

மாற்றினார்கள். இடக்கையைத் தோள்மட்டத்தில் நீட்டினால், இனி அது வெளியே போ. வலையைப் போட வேண்டுமென்றால் நான் குந்த வேண்டும். பக்கத்து வலைக்காரருக்கு இது நல்ல பகிடி. மீன் கூட்டம் வந்தால் சல்லி மன்றாடி வெளிக்குப் போகிறான் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் மீன் பட்டது. நாங்கள் அந்தப் பாஷையோடேயே இருந்துவிட்டோம்.

அந்தக் கதை ஊரெல்லாம் போனதில் ஒரு நன்மை. நிலாவெளிப் பக்கத்திலிருந்து கூட ஒன்றிரண்டு பெண்கள் பொன்னம்மாவிடம் வந்தார்கள். குசினிக்குள் இருந்து குசுகுசுப்பார்கள். பிறகு பொன்னம்மா என்னைக் கூப்பிடுவாள். நான் கதவுக்கு வெளியே கதிரையில் இருந்தபடி போத்தல், பெனியன், தும்பு எல்லாம் சொல்வேன். தங்கள் புருஷனிடம் சொல்ல வெட்கப்பட்டதை என்னிடம் கேட்டார்கள். ஆம்பிளைக்கே வந்து, அவனும் உயிரோடு இருக்கிறான் என்பது அவர்களுக்குத் தைரியம்.

அவர்களைச் சுவர் ஏறச் சொல்லிவிட்டு நான் ஏறாமல் இருக்க ஏலாதே. திருகோணமலை கிளினிக்கில் றகுமா உம்மாவைக் கண்டதும் ஒரு காரணம். “கை என்ன மாதிரி?” என்றேன். யன்னலுக்கு மேல் இருந்த சட்டத்தை எட்டித் தொட்டுக் காட்டிவிட்டு, “ஒங்கட?” என்றார். அன்று பின்னேரமே குசினிச் சுவரில் தொடங்கினேன். பொன்னம்மா சுண்ணாம்புப் புள்ளி வைத்தாள். சில நாள் புள்ளி அசையாது. சில நாள் கீழே இறங்கும். அவசரப்படாதீர்கள். நோகும்வரை ஏற்றுங்கள், அங்கே கொஞ்சம் நில்லுங்கள், இறக்குங்கள். அந்தக் கையில் மீன்முள் குத்த விடாதீர்கள். ஊசியும் மற்றக் கையில் போடச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் எனக்கு நாள் என்றால் காற்று மாறுவதும் மீன் மாறுவதும்தான். இப்போது நாள் என்பது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் இருக்கும் சுவர். இடப்பக்கம் தொட்டால் சில இடம் மரத்துப்போய், வேறு யாருடையதோ போல இருக்கும். அந்த ஆளோடும் பழகிக்கொண்டேன்.

ஒரு காலை, பெரிய சூடை மீன் கூட்டம். தோணியை வெளியே அனுப்பக் கையை நீட்டினேன். கை தோளில் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, நேரே வானத்துக்குப் போய் நின்றது. நான் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மீனை மறந்துவிட்டேன்.

தோணியில் இருந்தவர்கள் அந்தக் கைகாட்டலை மறந்தே போயிருந்தார்கள். கிழவனுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று சீனித்தம்பி தோணியைத் திருப்பினான். பதறியடித்துக்கொண்டு தண்டு வலித்தார்கள். கரை தட்டுமுன் குதித்து, இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழும்பி ஓடி வந்தார்கள்.

“என்ன அத்தான்? என்ன செய்யுது?”

“ஒண்டுமில்லை. கை எழும்பிட்டுது.”

சீனித்தம்பி என் கையைப் பார்த்தான். திரும்பிக் கடலைப் பார்த்தான். தோணி குறுக்கே வந்து கலைத்ததில் சூடை முழுவதும் பக்கத்து வலைக்காரரின் பக்கம் போய்விட்டது. அவர்கள் ஏலேலோ போட்டு இழுக்கிற சத்தம் கேட்டது. இவன் மூச்சு வாங்கியபடி மணலில் இருந்துவிட்டான்.

“சரி. இனிக் கீழ இறக்குங்கோ. எல்லாரும் பாக்கினம்.”

“இறக்கிறன். கொஞ்சம் பொறு,” என்றேன்.