துணி போட்ட திரை

கற்பிட்டியில் ரீவியும், மீன்பிடி போட்டுக்கு வழி காட்டப் பூட்டுகிற ஜீபிஎஸ்ஸும் திருத்துகிறவனுக்கு மெஷினைத் திருத்துவது லேசு. அதை எப்படி ஓஃப் பண்ணுவது என்று ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரும்பாடு. பொத்தானை மாறி அமத்திவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்கு விளங்கும்.

கடலில் ஆள் நிற்கும்போது

மேரி அக்கா வீட்டு ரீவியில் கோடு கோடாக விழுகிறது என்று போனேன். அவருடைய கணவர் சவிரி அண்ணன் விடியவே தொழிலுக்குப் போயிருந்தார். ரீவியை அணைத்துவிட்டு வயரைக் கழற்றுங்க என்றுதான் சொன்னேன். ரிமோட்டும் கையுமாக நின்ற அக்காவின் முகம் கறுத்துப்போனது. மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, மனுசன் கடல்ல நிக்கிறார். அணைக்கிற எண்ட சொல்ல இந்த வீட்டில சொல்லாதீங்க, உசிர் அணையிற மாதிரிக் கேக்குது. நிப்பாட்டுங்க எண்டு சொல்லுங்க."

நிப்பாட்டினது எது

சரியென்று, பிறகு சவிரி அண்ணன் திருத்தத் தந்த ஜீபிஎஸ்ஸிலும் பொத்தானுக்குப் பக்கத்தில் 'நிப்பாட்ட' என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். பழைய மெஷின் அது. பொத்தானைத் தட்டினால் திரை மட்டும் இருளும், போட் போகிற வழியை மெஷின் உள்ளே கீறிக்கொண்டே இருக்கும். அமத்திப் பிடித்தால் எல்லாம் போய்விடும், கீறின வழியும் சேர்த்து.

அண்ணன் கடலில் வைத்து, பற்றரியை மிச்சம் பிடிக்கலாம் என்று அமத்திப் பிடித்துவிட்டார். திரும்பும்போது மழை இறங்கிக் கரை மறைந்துவிட்டது. வேறொரு போட்டின் எஞ்சின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒருமாதிரி வந்து சேர்ந்திருக்கிறார். மனுசன் ஏசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். மெஷினை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நான் நிப்பாட்ட நெனச்சது வெளிச்சத்த, வழிய இல்ல."

படித்தவர் தந்த சொல்

வேறு என்ன சொல் போடலாம் என்று என் நானாவிடம், மூத்த சகோதரரிடம், கேட்டேன். ஓஃப் என்று எழுது, ஊருக்கே விளங்கும் என்றார். ஆளுக்கொரு மாதிரி விளங்கினதால் வந்த வினைதானே இது! கடைக்கு வந்த தமிழ் ஆசிரியர் ஒருவர் நல்லா யோசித்து 'திரைச் செயலிழப்பு' என்று சொல்லித் தந்தார். ஆசையாக ஒட்டிக் காட்டினேன். சவிரி அண்ணன் வாசித்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"இது பழுதாப் போனா ஒட்டுறதெல்லோ, தம்பி?"

ஊதாத் துணி

ஈஸ்டருக்கு முன்னால் கத்தோலிக்கர் நோன்பிருக்கிற தவக்காலம் வந்தது. திருத்தின ரிமோட்டைக் கொடுக்க மேரி அக்கா வீட்டுக்குப் போனால், சுவரில் இருந்த அந்தோனியார் சுருவத்தை, அந்தச் சிலையை, ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். எனக்கு அது புதுசு. அந்தோனியாரை எங்கேயும் அனுப்பிவிட்டீர்களோ என்று பகிடியாகக் கேட்டேன். அக்கா சிரித்தார்.

"துணிதான் போட்டிருக்கு. அவர் உள்ளுக்கதான் நிக்கிறார், தம்பி."

திரும்பவும் மழை

அன்றைக்கே அண்ணனின் ஜீபிஎஸ்ஸில் இருந்த பழைய ஸ்டிக்கரை உரித்தெறிந்துவிட்டு, 'தட்டினால் துணி. அமத்திப் பிடித்தால் மெஷின் நிற்கும்' என்று எழுதி ஒட்டினேன். அடுத்த கிழமை அண்ணன் கடலில் நிற்க, அதே மாதிரி மழை இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா போனில் கோல் எடுத்து, அவர் துணியைப் போட்டிருப்பாரா, நிப்பாட்டியிருப்பாரா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கடையை அப்படியே போட்டுவிட்டு, அல்லாஹ்விடம் துஆ கேட்டபடி கரைக்கு ஓடினேன். மழைக்குள்ளால் போட் நேரே துறைக்கு வந்தது. நனைந்து இறங்கிய அண்ணன் முதலில் அக்காவைப் பார்த்தார், பிறகு என்னிடம் சொன்னார்:

"துணிய எடுத்தேன், வழி அப்பிடியே கெடந்திச்சு."

இப்போதெல்லாம் கடைக்கு வந்து எதை ஓஃப் பண்ணுவது எப்படி என்று யார் கேட்டாலும், வீட்டில் யாரும் கடலில் நிற்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.