முக்கால்வாசி திறந்த தகடு

எங்கள் பழைய கார் சில வாரங்களாக மந்தமாக ஓடியது. எழுமலை சாலையில் ஒரு டிராக்டரை முந்தவே திணறியது. இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று நினைத்து, தல்லாகுளம் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, காற்றுக் குழாயைக் கழற்றி நானே துடைத்தேன்.

உள்ளே இருக்கும் வட்டத் தகடு முழுசாகத் திறக்கிறதா என்று பார்க்க, யாராவது ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். வீட்டில் அம்மாதான் இருந்தார்.

"நான் மிதிச்சா வண்டி ஓடிராதா?"

"சாவி என்கிட்டதான் இருக்கு. மிதிம்மா."

அம்மா முதன்முறையாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு மிதித்தார். தகடு முக்கால்வாசிதான் திறந்தது. பெடலையும் தகட்டையும் இணைக்கும் கேபிள் தளர்ந்திருக்கும் என்று ஸ்பேனரை எடுத்தேன்.

"இன்னும் அழுத்தும்மா."

"இம்புட்டுதான் போகுது. கீழ என்னமோ தட்டுது."

குனிந்து பார்த்தேன். புழுதிக்காக அம்மா சிம்மக்கல்லில் வாங்கிப் போட்டிருந்த தடித்த ரப்பர் மேட் பெடலுக்குக் கீழே மடிந்து கிடந்தது. அதை உருவியதும் பெடல் கடைசிவரை போனது. தகடும் முழுசாகத் திறந்தது. கேபிளைத் தொடவே இல்லை.

"அப்ப நான் வாங்குனதுதான் காரணமா?" என்றார் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஆனால் சீட்டைவிட்டு இறங்கவில்லை. பிரேக் எது, கிளட்ச் எது என்று கேட்டு, ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தார்.

சாயங்காலம் இருவரும் காரை வெளியே எடுத்தோம். நன்றாகவே இழுத்தது. அம்மா சாலையைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.